கூட்டம் தரும் தீர்ப்பின் விலை

டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், தம்பி. ‘போலீஸ், கோர்ட் என்று அலைந்தால் பத்து வருஷம் போகும், கையில் கிடைத்தவனை ஊரே கூடி நாலு சாத்து சாத்தினால் வேலை முடிந்தது’ என்கிறீர்கள். உங்கள் கோபம் நியாயமானது. அந்த முடிவு சரிதானா என்று மட்டும் பார்ப்போம்.

சினிமாவில் இது எளிது. 2005-இல் வந்த ‘அந்நியன்’ படத்தில் தண்டனை பெறுகிறவன் தப்பு செய்வதை நாமே முதலில் பார்த்துவிடுகிறோம். அதனால் சந்தேகம் வருவதில்லை. ஊரில் கூடும் கூட்டம் எதையும் பார்த்திருக்காது. வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பித்தான் கை ஓங்குகிறது.

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் அதுதான் நடந்தது. குலதெய்வத்தைக் கும்பிடச் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் காரில் போளூர்ப் பக்கம் வந்தது. அத்திமூர் அருகே அங்கிருந்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார்கள். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று பேச்சு கிளம்பி, கூட்டம் சூழ்ந்து அடித்ததில் அறுபது வயதைக் கடந்த ஒரு அம்மா இறந்துபோனார். உடன் வந்தவர்களுக்குப் பலத்த காயம். அதே மாதம் பழவேற்காட்டில் ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். இரண்டுக்கும் காரணம் வெறும் வதந்தி.

அடுத்து, அடித்த ஊர் கொடுக்கும் விலை. ஐந்து பேரோ அதற்கு மேலோ ஒரே குற்ற நோக்கத்தோடு கூடி, அதில் ஓர் உயிர் போனால், எந்த அடியில் போனது என்று சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. அந்த நோக்கத்தோடு நின்ற அத்தனை பேரும் கொலைக்குப் பொறுப்பு. முன்பு இது இந்திய தண்டனைச் சட்டத்தின் 149-ஆவது பிரிவு. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 190. எஃப்.ஐ.ஆரில் ‘மற்றும் பலர்’ என்று எழுதிவிட்டால் போதும், யாரைத் தேடி எப்போது வருவார்கள் என்று ஊரே தூங்காது. ஆசையாக எடுத்த வீடியோவே சாட்சியாகிவிடும். ஜாமீனுக்கும் வக்கீலுக்கும் நகை அடகுக்குப் போகும். வாய்தாவுக்கு வாய்தா கூலி போகும். பையன் அரசு வேலைக்குத் தேர்வானாலும் போலீஸ் விசாரணையில் வழக்கு வந்து குறுக்கே நிற்கும்.

ஊர் கூடி முடிவெடுப்பது நமக்குப் புதிதல்ல. நம் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஆண்டு 919, 921. ஊர்ப் பொறுப்புக்குக் குடத்திலிருந்து ஓலை எடுத்து ஆள் தேர்ந்தெடுத்த குடவோலையைப் பற்றி மட்டும் பேசுகிறோம், அதற்குள் இருக்கும் எச்சரிக்கையைப் படிப்பதில்லை. சபை முழுவதும் பார்க்கும்படி குடத்தைத் தூக்கிக் காட்ட வேண்டும். விவரம் அறியாத சிறுவன்தான் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்கி, உரக்கப் படிக்க வேண்டும். பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவருடைய உறவினரும் வர முடியாது. அந்தச் சபையில் நிலமுள்ள பிராமண ஆண்களுக்கு மட்டுமே இடம் என்பது பெரிய குறை. ஆனாலும் அதிகாரம் உள்ள கை எல்லார் கண்ணிலும் பட வேண்டும், கணக்குச் சொல்ல வேண்டும் என்பதில் அவர்கள் உறுதியாக இருந்தார்கள். கூட்டம் அடிக்கும்போது கணக்குச் சொல்ல ஒருவரும் இருப்பதில்லை.

கண்ணெதிரே திருடுகிறவனை விட்டுவிடச் சொல்லவில்லை. ஜாமீனில் விட முடியாத, போலீஸ் தானாகவே கைது செய்யக்கூடிய குற்றத்தை நம் முன்னால் ஒருவன் செய்தால், நாமே பிடித்து வைக்கலாம். தாமதிக்காமல், அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது புதிய குற்ற விசாரணைச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு. பிடித்தவனைத் தண்டிக்கும் உரிமை நமக்கு இல்லை.

கோர்ட் தாமதிக்கிறது, உண்மை. சீக்கிரம் விசாரிக்கச் சொல்லிப் போராடுவோம். தப்பான தீர்ப்பானாலும் அங்கே அப்பீல் உண்டு. அத்திமூரில் இறந்த அம்மாவுக்கு அது கிடைக்கவில்லை. ஆகவே சந்தேகம் வந்தால் 112-க்குப் போன் செய்யுங்கள், குழந்தை விஷயமானால் 1098-க்கு. போலீஸ் வரும்வரை அந்த ஆள்மேல் ஒரு அடி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தம்பி.