நிறைவுறா இறந்தகால எண்ணப்பாங்கு (பிரெஞ்சு)

நிறைவுறா இறந்தகால எண்ணப்பாங்கு (எம்பார்ஃபே த்யு சுப்ஜோங்க்திஃப்) என்பது பிரெஞ்சு மொழியின் வினைத்திரிபு வடிவங்களுள் ஒன்றாகும். எண்ணப்பாங்குக்கு உரிய நான்கு காலங்களில் இது ஒன்று. ஏனையவை நிகழ்காலம், நிறைவுற்ற இறந்தகாலம், முன்னிறந்தகாலம் ஆகியன. தலைமை வினை இறந்தகாலத்திலோ நிபந்தனைப் பாங்கிலோ நிற்கும்போது, அதைச் சார்ந்து வரும் எண்ணப்பாங்கு வினை மரபிலக்கணப்படி ஏற்கும் வடிவம் இதுவே. இன்றைய பேச்சில் இவ்வடிவம் இல்லை. எழுத்திலும் படர்க்கை ஒருமை நீங்கலாக மற்றவை அரிதாகிவிட்டன. ஆயினும் 19ஆம் நூற்றாண்டுப் புதினம் ஒன்றைக் கையில் எடுக்கும் எவரும் முதல் சில பக்கங்களுக்குள் இதை எதிர்கொள்வர்.

இக்கட்டுரையில் பிரெஞ்சுச் சொற்கள் ஏறத்தாழ ஒலிப்பின்படி தமிழில் எழுதப்பட்டுள்ளன. பிரெஞ்சு எழுத்துகளைச் சுட்டும்போது அவற்றுக்கு நெருங்கிய ஒலியுடைய தமிழ் எழுத்துகள் மேற்கோள் குறிக்குள் தரப்படுகின்றன.

எண்ணப்பாங்கு என்பது யாது?

ஒரு செயலை நடந்த செய்தியாகக் கூறுவது செய்திப்பாங்கு. அதையே விருப்பம், அச்சம், ஐயம், தேவை என உள்ளத்தில் நிற்கும் ஒன்றாகக் கூறுவது எண்ணப்பாங்கு. "அவன் வருகிறான்" என்பது முதல் வகை. "அவன் வர வேண்டும் என விரும்புகிறேன்" என்பதில் உள்ள வருகை இரண்டாம் வகை. தமிழில் இதற்கெனத் தனித் திரிபு கிடையாது. 'வர' என்னும் செயவெனெச்சம் அவ்வேலையைச் செய்கிறது. விரும்புகிறேன் என்றாலும் விரும்பினேன் என்றாலும் 'வர' மாறுவதில்லை. மரபான பிரெஞ்சில் மாறும். ஜெ வூ கில் வியென் என்றால் "அவன் வர விரும்புகிறேன்". ஜெ வூலே கில் வேன் என்றால் "அவன் வர விரும்பினேன்". முதலாவதில் வியென் நிகழ்காலம், இரண்டாவதில் வேன் நிறைவுறா இறந்தகாலம்.

பெயரில் உள்ள 'இறந்தகாலம்' கற்போரைக் குழப்பக்கூடியது. இவ்வடிவம் தன்னளவில் எக்காலத்தையும் காட்டுவதில்லை. விரும்பிய நாளுக்குப் பிறகு அவன் வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம், இன்னும் வரவேண்டியவனாகவும் இருக்கலாம். தலைமை வினையின் காலத்துக்கு இசைந்து நிற்பது மட்டுமே இதன் பணி. ஜெ வூத்ரே கில் வேன் (அவன் வந்தால் நன்றாயிருக்கும் என விரும்புவேன்) என்னும் தொடரில் இறந்தகாலம் எங்குமே இல்லை. தலைமை வினை நிபந்தனைப் பாங்கில் இருப்பதால் மட்டுமே இவ்வடிவம் வருகிறது.

அமைக்கும் முறை

தோற்றத்தில் அச்சமூட்டும் இவ்வடிவம் பிரெஞ்சு வினைத்திரிபுகளுள் மிகவும் ஒழுங்கானவற்றில் ஒன்று. தெரிந்திருக்க வேண்டியது எளிய இறந்தகாலம் (பாசே சேம்ப்ல்) ஒன்றே. அதன் முன்னிலை ஒருமை எப்போதும் ஒலிக்கப்படாத 'ஸ' எழுத்தில் முடியும். அதனோடு மீண்டும் ஒரு 'ஸ' எழுத்தில் தொடங்கும் விகுதிகளைச் சேர்த்தால் போதும். ஒலிக்காத ஒற்றை 'ஸ' இப்போது இரட்டித்து, ஒலிக்கத் தொடங்குகிறது.

பார்லே (பேசுதல்) என்னும் வினையில் "நீ பேசினாய்" என்பது த்யு பார்லா. இதிலிருந்து பெறப்படும் வடிவங்கள்:

தன்மை ஒருமை: ஜெ பார்லாஸ்
முன்னிலை ஒருமை: த்யு பார்லாஸ்
படர்க்கை ஒருமை: இல் பார்லா
தன்மைப் பன்மை: நூ பார்லாஸியோன்
முன்னிலைப் பன்மை: வூ பார்லாஸியே
படர்க்கைப் பன்மை: இல் பார்லாஸ்

இவற்றுள் மூன்று எழுத்தில் வேறுபட்டாலும் ஒலியில் ஒன்றே என்பது கவனிக்கத்தக்கது. படர்க்கை ஒருமை மட்டும் விதிக்குச் சற்று விலகி, இரட்டை 'ஸ' இன்றி, உயிரெழுத்தின் மேல் கூரைக்குறியும் இறுதியில் ஒலிக்கப்படாத 'த' எழுத்தும் பெறும்.

எளிய இறந்தகாலம் நான்கு உயிர்களில் ஒன்றைக் கொண்டே அமைவதால் இவ்வடிவமும் நான்கே வகைப்படும். பார்லே போன்றவை 'அ' வகை. ஃபினிர் (முடித்தல்), ஃபேர் (செய்தல்) போன்றவை 'இ' வகை: ஃபினிஸ், ஃபிஸ். எத்ர் (இருத்தல்), அவுவார் (உடைத்தாயிருத்தல்), வூலுவார் (விரும்புதல்) போன்றவை உதடு குவித்து ஒலிக்கும் 'உ' வகை: ஃப்யுஸ், யுஸ், வூல்யுஸ். வெனிர் (வருதல்), தெனிர் (பிடித்தல்) ஆகியனவும் அவற்றினின்று பிறந்தவையும் மூக்கொலி வகை: வேன்ஸ், தேன்ஸ். ஐந்தாவது வகை இல்லை. எளிய இறந்தகாலமே இல்லாத த்ரேர் (பால் கறத்தல்) போன்ற குறைவினைகளுக்கு இவ்வடிவமும் இல்லை.

ஃபினிர் வகை வினைகளில் ஒரு சிக்கல் உண்டு. அவற்றின் நிகழ்கால எண்ணப்பாங்கும் ஃபினிஸ், ஃபினிஸியோன், ஃபினிஸியே என்றே அமைவதால் இரு காலங்களும் எழுத்திலும் ஒன்றாகிவிடுகின்றன. படர்க்கை ஒருமையில் மட்டுமே (ஃபினிஸ், ஃபினி) வேறுபாடு புலப்படும். மற்ற இடங்களில் வாசகர் தலைமை வினையைப் பார்த்தே உணர வேண்டும்.

கூரைக்குறி

இவ்வடிவத்தின் தோற்றம் இலத்தீன் முன்னிறந்தகால எண்ணப்பாங்கு ஆகும். "பாடுதல்" என்னும் வினையில் இலத்தீனின் கந்தாவிஸ்ஸெத் சுருங்கிக் கந்தாஸ்ஸெத் ஆயிற்று. பழைய பிரெஞ்சில் அது 'ஸ', 'த' ஆகிய இரு எழுத்துகளும் நிற்க எழுதப்பட்டது. பின்னர் அந்த 'ஸ' ஒலிப்பிலிருந்து மறைந்தது. பிரெஞ்சுக் கழகம் தன் அகராதியின் 1740ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒலிக்கப்படாத 'ஸ' எழுத்துகள் பலவற்றை நீக்கிக் கூரைக்குறியை ஏற்றது. ஆகவே ஷாந்தா (அவன் பாட) என்பதன் மேல் உள்ள கூரை ஓர் அழகுக் குறியன்று, மறைந்த எழுத்தின் இடத்தைக் காட்டும் அடையாளம்.

இக்குறி பொருளையும் காக்கிறது. ஃப்யு என்பது கூரையின்றி எழுதப்பட்டால் "இருந்தான்" என்னும் எளிய இறந்தகாலம், கூரையுடன் எழுதப்பட்டால் எண்ணப்பாங்கு. ஒலியில் வேறுபாடே இல்லாததால் தாய்மொழியாளரும் இதில் அடிக்கடி தடுமாறுவர். குறிப்பாக "பிறகு" எனப் பொருள்படும் அப்ரே கெ என்பதை அடுத்துக் கூரை இடுவது பரவலான தவறு. நடந்து முடிந்ததைச் சொல்வதால் அங்குச் செய்திப்பாங்கே வரவேண்டும். "முன்பு" எனப் பொருள்படும் அவான் கெ என்பதை அடுத்தோ எண்ணப்பாங்கு வரும், எனவே கூரை தேவை. ஐயம் எழுந்தால் வினையைப் பன்மைக்கு மாற்றிப் பார்க்கலாம்: ஃப்யுர் பொருந்தினால் கூரை இல்லை, ஃப்யுஸ் பொருந்தினால் உண்டு.

ஆயிர் (வெறுத்தல்) என்னும் வினையில் 'இ' எழுத்தின் மேல் ஏற்கனவே இரட்டைப் புள்ளி இருப்பதால் அது கூரையை ஏற்பதில்லை. 1990ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தம் 'இ', 'உ' எழுத்துகளின் மேலிருந்த கூரைகளைப் பெரும்பாலான சொற்களில் விருப்பத்துக்கு விட்டது. ஆனால் இவ்வடிவத்தின் கூரையை அது தொடவில்லை.

பயன்பாடு

விருப்பம், அச்சம், கட்டாயம் ஆகியவற்றைக் குறிக்கும் வினைகள் இறந்தகாலத்தில் வரும்போது இது முதன்மையாகப் பயன்படுகிறது. ஜெ க்ரேன்யே கில் ந ஃப்யு த்ரோ தார் என்பது "காலம் கடந்துவிட்டதோ என அஞ்சினேன்" எனப் பொருள்படும். "இருந்தபோதிலும்", "பொருட்டு", "முன்பு" எனப் பொருள்படும் இணைப்புச் சொற்களுக்குப் பின்னும் கதை இறந்தகாலத்தில் சொல்லப்பட்டால் இது வரும்.

எத்ர், அவுவார் ஆகிய துணைவினைகளின் இவ்வடிவத்தோடு எச்சத்தைச் சேர்த்தால் முன்னிறந்தகால எண்ணப்பாங்கு கிடைக்கிறது: யு பார்லே. இதனை நிபந்தனைப் பாங்கின் இறந்தகாலத்துக்கு மாற்றாகவும், "பேசியிருப்பான்" என்னும் பொருளில், இலக்கியம் பெரிதும் கையாள்கிறது. எனவே இவ்விரு துணைவினைகளை மட்டும் மனப்பாடம் செய்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இணைப்புச் சொல் இன்றி, வினை முன்னும் எழுவாய் பின்னுமாக வரும் சில தொடர்கள் இன்றும் எழுத்தில் வாழ்கின்றன. த்யுசேஜ் என்பது "நான் அவ்வாறு செய்ய நேர்ந்தாலும்" என்னும் பொருளது. ந ஃப்யுஸ் கெ என்பது "குறைந்தது இவ்வளவேனும்" என்பதற்கு ஒப்பானது. ப்ல்யு தா தியோ என்பது "கடவுள் அருளியிருந்தால்!" என ஏங்கும் வாய்பாடு.

வழக்கொழிந்தமை

கற்பதற்குக் கடினம் என்பதால் இது மறைந்தது எனச் சிலர் கூறுவர். விதியின் எளிமையை நோக்க இக்கூற்று முழுமையாகப் பொருந்தவில்லை. இதற்கு அடிப்படையான எளிய இறந்தகாலமே பேச்சிலிருந்து விலகியது முக்கியமான காரணம். வேர் அறியாதவர்க்குக் கிளை நினைவில் நிற்பதில்லை. ஒலியும் ஒரு காரணம். 'ஆஸ்' என்னும் ஈறு பிரெஞ்சில் இழிவுப்பொருள் தரும் பெயர் விகுதியாகவும் வழங்குகிறது. எடுத்துக்காட்டாக, வினாஸ் என்றால் மட்டமான மது. சவுவார் (அறிதல்) என்னும் வினையின் ஸ்யுஸ், "சப்பு" எனப் பொருள்படும் சொல்லாகக் காதில் விழும். அல்போன்சு அலேயின் (1854-1905) பெயரில் வழங்கும் காதல் புலம்பல் கவிதையொன்று இத்தகைய வடிவங்களை அடுக்கியே நகைப்பூட்டுகிறது. இரட்டை 'ஸ' ஒலி இல்லாத படர்க்கை ஒருமை மட்டும் தப்பிப் பிழைத்ததற்கும் இதுவே விளக்கம்.

பள்ளித் தேர்வுகளுக்கென வந்த அரசாணைகள் இம்மாற்றத்தைப் படிப்படியாக ஏற்றன. நிபந்தனைப் பாங்குக்குப் பின் நிகழ்கால எண்ணப்பாங்கை எழுதினால் பிழையாகக் கொள்ளலாகாது என 1901ஆம் ஆண்டு ஆணை கூறியது. 1976ஆம் ஆண்டு ஆணை அச்சலுகையை இறந்தகாலத் தலைமை வினைகளுக்கும் விரித்தது. இதனால் இன்று ஜெ வூலே கில் வியென் என்பதே இயல்பான பிரெஞ்சு. தலைமை வினை எக்காலமாயினும் வியென் மாறாது நிற்கிறது. 'வர' மாறாது நிற்கும் தமிழ் அமைப்புக்குப் பிரெஞ்சு இவ்வகையில் நெருங்கி வந்துள்ளது எனலாம்.

இலக்கியத்தில் மார்செல் புரூஸ்ட் (1871-1922) இவ்வடிவத்தைத் தாராளமாகக் கையாண்டார். ஆல்பெர் காம்யுவின் வீழ்ச்சி (1956) புதினத்தில் கதைசொல்லி உரையாடலின் நடுவே இதைப் பயன்படுத்துகிறார். கேட்பவர் திடுக்கிடுவதைக் கவனித்து, இது தம் பலவீனம் என்றும் ஒப்புக்கொள்கிறார். அக்காலத்திலேயே இதைப் பேச்சில் கேட்பது எத்துணை வியப்பூட்டியது என்பதற்கு அவ்விடம் சான்று.

பேச அல்லது எழுதக் கற்பவர் இதனை உருவாக்கப் பழக வேண்டியதில்லை. படிப்பவர் ஆறு வடிவங்களையும் இனங்காணத் தெரிந்திருக்க வேண்டும்.

பிற உரோமானிய மொழிகளில்

இதே இலத்தீன் வடிவம் இத்தாலியத்தில் அன்றாடப் பேச்சிலும் உயிர்ப்புடன் உள்ளது. "அவன் வர விரும்பினேன்" என்பதற்கு வொலேவோ கெ வெனிஸ்ஸெ என்பர். எசுப்பானியத்தில் இவ்வடிவமும், இலத்தீனின் வேறொரு காலத்திலிருந்து வந்த வினியெரா போன்ற வடிவமும் இணையாக வழங்குகின்றன. பேச்சில் பின்னதே மிகுதி. உருமானிய மொழியில் இது எண்ணப்பாங்கை விட்டு நீங்கிச் செய்திப்பாங்கின் முன்னிறந்தகாலமாக, "பாடியிருந்தேன்" என்னும் பொருளில் நிலைபெற்றுவிட்டது.