சிரிப்பு வரைந்த முகம்

2019 அக்டோபரில் லெபனான் அரசு வாட்ஸ்அப் அழைப்புகளுக்கு வரி போடப்போவதாகச் சொன்னது. விலைவாசியிலும் வேலையில்லாமையிலும் ஏற்கெனவே நொந்துபோயிருந்த மக்கள் பெய்ரூட் தெருக்களில் இறங்கிவிட்டார்கள். அதே வாரத்தில் சிலியின் சாந்தியாகோ நகரில் மெட்ரோ கட்டணம் 30 பெசோ ஏறியதற்கு மாணவர்கள் கிளம்ப, நாடே பற்றிக்கொண்டது. ஹாங்காங்கில் போராடுகிறவர்கள் முகத்தை மறைக்கக் கூடாது என்று தடை வந்திருந்த சமயம் அது. மொழி வேறு, கோரிக்கை வேறு, கண்டம் வேறு. ஆனாலும் மூன்று ஊர்க் கூட்டங்களிலும் ஒரே முகம் தென்பட்டது. வெள்ளைப் பூச்சு, கண்ணுக்கு மேலும் கீழும் நீலம், கன்னம்வரை இழுத்து வரைந்த சிவப்புச் சிரிப்பு. வாக்கீன் ஃபீனிக்ஸ் நடித்த ‘ஜோக்கர்’ திரைக்கு வந்து அப்போது இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் போராட்டக் களங்களின் முகம் வேறு. 2006இல் பரவலாக வெளியான ‘வி ஃபார் வெண்டெட்டா’ படத்தின் கை ஃபாக்ஸ் முகமூடியைத்தான் நியூயார்க்கிலிருந்து கெய்ரோவரை மாட்டிக்கொண்டார்கள். அந்த நாயகனுக்குத் திட்டம் உண்டு, தேதி உண்டு, எதிரி யார் என்ற தெளிவு உண்டு. ஜோக்கரான ஆர்தர் ஃப்ளெக்குக்கு இதில் ஒன்றும் கிடையாது. வாடகைக்குக் கோமாளி வேஷம் போடுகிறவன், மனநோய்க்கு வாங்கிவந்த மாத்திரை அரசு செலவைக் குறைத்ததால் நின்றுபோகிறது, வேலையும் போகிறது. வீரனின் முகத்தை வைத்துவிட்டு, கையாலாகாதவனின் முகத்தை மக்கள் ஏன் எடுத்தார்கள்?

வேலை நிலைக்குமா, வங்கியில் போட்ட பணம் திரும்பி வருமா, அடுத்த தேர்தலுக்குப் பிறகு ஊர் எப்படி இருக்கும் என்பது போன்ற பயங்களுக்கு முகம் கிடையாது. யாரைக் கண்டு ஓடுவது, யாரைத் திருப்பி அடிப்பது என்று தெரியாது. திகில் கதை அந்தப் பயத்துக்கு ஓர் உடம்பு கொடுத்துவிடுகிறது. உடம்பு வந்துவிட்டால் கதவைச் சாத்தலாம், தீப்பந்தத்தோடு துரத்தலாம், இரண்டு மணி நேரத்தில் எழுந்து வீட்டுக்கும் போகலாம். கோமாளியிடம் இன்னொன்றும் இருக்கிறது. எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று மேலிடத்திலிருந்து சிரித்த முகத்தோடு சொல்லிக்கொண்டே இருக்கும் காலத்தில், நிரந்தரமாக வரைந்து வைத்த ஒரு சிரிப்பைப் பார்த்தால் அது யாருடைய சிரிப்பு என்று ஜனங்களுக்குச் சட்டென்று தெரிந்துவிடுகிறது. அதைக் கண்டு பயப்படுகிறார்கள். அதையே எடுத்துத் தங்கள் முகத்திலும் பூசிக்கொள்கிறார்கள்.

திகிலுக்கும் கெட்ட காலத்துக்கும் உள்ள உறவு சினிமா அளவுக்குப் பழையது. முதல் உலகப் போரில் தோற்று, பசியிலும் தெருச்சண்டையிலும் கிடந்த ஜெர்மனியில்தான் 1920இல் ‘டாக்டர் கலிகரியின் பெட்டகம்’ வந்தது. கோணல் சுவர்கள், வளைந்த தெருக்கள், தூக்கத்திலேயே கொலை செய்ய ஏவப்படும் ஓர் இளைஞன். யாரோ கொடுத்த ஆணைக்காகக் கொன்றுவிட்டு வீடு திரும்பியிருந்த தலைமுறைக்கு அந்த இளைஞன் யாரென்று விளக்க வேண்டியிருக்கவில்லை.

அமெரிக்காவில் 1931. பங்குச்சந்தை சரிந்து இரண்டாண்டு கழிந்தும் கஞ்சித்தொட்டி வரிசைகள் நீண்டுகொண்டே போயின. அந்த ஒரே வருஷத்தில் யூனிவர்சல் நிறுவனம் ‘டிராகுலா’வையும் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’னையும் வெளியிட்டது. இரண்டுமே வசூலில் சக்கைப்போடு போட்டன. ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தில் போரிஸ் கார்லாஃப் நடித்த அந்த உருவத்தை இன்னொரு முறை உற்றுப் பாருங்கள். கனத்த பூட்ஸ், கைக்கு எட்டாத சட்டை, நெற்றியில் தையல் போட்ட தழும்பு. பிழைப்பு தேடி ஊர் ஊராக நடந்த தொழிலாளியும் போரில் முகம் சிதைந்து திரும்பிய சிப்பாயும் அந்த உடம்பில் சேர்ந்து நிற்கிறார்கள். இயக்குநர் ஜேம்ஸ் வேல் முதல் உலகப் போரில் ஜெர்மானியரிடம் கைதியாக இருந்தவர். நாடகம் போடப் பழகியதே சிறைமுகாமில்தான். தழும்பு விழுந்த முகங்களை அவர் கற்பனை செய்ய வேண்டிய தேவை இருந்திருக்காது. அந்தப் படத்தில் ஊர் திரண்டு காற்றாலைக்குத் தீ வைக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு அடைக்கிறது. கடைசியில் பலியாவது, கேட்காமலேயே பிறப்பிக்கப்பட்ட ஒரு ஜீவன்.

கோமாளியை இந்தத் திகில் கூட்டத்தில் கொண்டுவந்து சேர்த்தது யார்? லண்டன் மேடையில் வெள்ளை முகமும் கன்னத்தில் சிவப்பு முக்கோணமுமாக நின்று, இன்றைய கோமாளி அரிதாரத்துக்கு அடிபோட்டவர் ஜோசப் கிரிமால்டி. 1778இல் பிறந்தவர். நெப்போலியன் போர்கள் நடந்துகொண்டிருந்த 1806இல் கோவென்ட் கார்டனில் அவர் ஆடிய ‘மதர் கூஸ்’ ஊரையே வயிறு குலுங்க வைத்தது. குதித்தும் விழுந்தும் சம்பாதித்த உடம்பு ஐம்பது வயதுக்குள் ஒடிந்துபோய், 1828இல் பிரிவுபசார மேடையில் நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் நடிக்க முடிந்தது. மகனும் குடியில் அழிந்து அவருக்கு முன்பே போய்விட்டான். கிரிமால்டி இறந்த மறுவருஷம், 1838இல், அவருடைய நினைவுக்குறிப்புகளைச் செப்பனிட்டு வெளியிட்டவர் சார்லஸ் டிக்கன்ஸ். சிரிப்புப் பூச்சுக்குக் கீழே அழுகிற மனிதன் ஒருவன் இருக்கிறான் என்ற எண்ணம் வாசகர் மனத்தில் வேர்பிடித்ததில் அந்தப் புத்தகத்துக்குப் பெரிய பங்குண்டு. பாரிஸில் பியரோ என்ற கோமாளி வேஷத்தால் புகழ்பெற்ற தெபுரோ, தெருவில் தன்னைக் கேலி செய்த ஒரு பையனை 1836இல் கைத்தடியால் அடிக்க, அவன் செத்தே போனான். நீதிமன்றம் விடுவித்தாலும், பூச்சுக்குப் பின்னால் கோபமும் இருக்கலாம் என்று பாரிஸ் தெரிந்துகொண்டது.

அங்கிருந்து இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவுக்கு வந்தால் பயத்துக்கு நிஜமான காரணமே கிடைத்துவிடுகிறது. குழந்தைகள் விழாவில் ‘போகோ’ என்ற கோமாளியாக வந்துபோன ஜான் வேய்ன் கேசி, முப்பதுக்கும் மேற்பட்ட இளைஞர்களையும் சிறுவர்களையும் கொன்றவன் என்று 1978 டிசம்பரில் தெரியவந்தது. குழந்தைகள் காணாமல்போகும் செய்தி நாடு முழுக்கப் பெற்றோரை உலுக்கிக்கொண்டிருந்த 1981இல், கோமாளி வேஷத்தில் யாரோ வேனில் வந்து தங்களைக் கூப்பிடுவதாக மாசசூசெட்ஸ் மாநிலப் பிள்ளைகள் சொன்னார்கள். யாரும் பிடிபடவில்லை. 1986இல் ஸ்டீபன் கிங்கின் ‘இட்’ நாவலில் பென்னிவைஸ் என்ற கோமாளி சாக்கடை வாயிலிருந்து எட்டிப் பார்த்தான். பிறகு 2016. கசப்பான அதிபர் தேர்தல் நடந்துகொண்டிருந்த அந்த வருஷம், ஆகஸ்டில் தெற்குக் கரோலினாவின் கிரீன்வில் நகரில் ஒரு குடியிருப்புப் பிள்ளைகள், காட்டோரம் கோமாளிகள் நின்று அழைப்பதாகச் சொல்ல, வதந்தி மாநிலம் மாநிலமாகத் தாவி, இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்ச் சேர்ந்தது. மெக்டொனால்ட்ஸ் தன் ரொனால்ட் கோமாளி வெளியே தலைகாட்டுவதையே குறைத்துக்கொண்டது. 1981லும் சரி, 2016லும் சரி, காட்டோரத்தில் நின்றது பெரியவர்களின் கலக்கம். அதற்கு வேஷம் போட்டுவிட்டவர்கள் குழந்தைகள்.

அதே 2016இல் இல்லினாய்ஸைச் சேர்ந்த உளவியலாளர் ஃபிராங்க் மெக்ஆண்ட்ரூ 1,341 பேரிடம் கருத்துக் கேட்டுவிட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார். எந்தத் தொழில்காரரைப் பார்த்தால் உடம்பு கூசுகிறது என்ற கேள்விக்கு முதலிடம் கோமாளிக்கு. அவர் தரும் விளக்கம் எனக்கு ஏற்புடையது. கத்தியோடு வருகிறவனைக் கண்டால் ஓடிவிடலாம். அங்கே ஐயம் இல்லை. ஆபத்தா இல்லையா என்று முடிவு கட்ட முடியாத இடத்தில்தான் கூச்சம் பிறக்கிறது. வாய் சிரிக்கிறது, கண் சிரிக்கவில்லை. மனம் இரண்டில் எதை நம்புவது என்று தவிக்கிறது. நிலையற்ற காலத்தில் வாழ்வதும் ஏறக்குறைய இதே தவிப்புதானே.

பயத்தோடு விளையாடுவதால் என்ன கிடைக்கிறது என்பதை டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தார் அளந்தே பார்த்திருக்கிறார்கள். வெய்லே ஊரின் ‘டிஸ்டோபியா’ பேய்வீட்டுக்கு வந்த 110 பேருக்கு இதயத்துடிப்புக் கருவி மாட்டி அனுப்பினார்கள். பயம் மிகக் குறைந்தாலும் ரசிக்கவில்லை. எல்லை மீறினாலும் ரசிக்கவில்லை. நடுவில் ஓர் அளவு இருக்கிறது, அங்கேதான் சுகம். கொரோனா முதல் அலையின்போது ஆய்வாளர் கோல்டன் ஸ்கிரிவ்னரும் அந்தப் பல்கலைக்கழக நண்பர்களும் 310 பேரிடம் நடத்திய இன்னோர் ஆய்வில், திகில் பட ரசிகர்களுக்கு அந்த மாதங்களில் மனக்கலக்கம் குறைவாக இருந்தது தெரிந்தது. படம் பார்த்ததால் தைரியம் வந்ததா, தைரியசாலிகள்தான் அந்தப் படங்களைப் பார்க்கிறார்களா என்று இதை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. ஆனால் 2020 தொடக்கத்தில், கொள்ளைநோய் பற்றிய ‘கன்டேஜன்’ என்ற 2011ஆம் வருஷப் படத்தை உலகமே தேடித் தேடிப் பார்த்தது நமக்கு நினைவிருக்கிறது. வருவது எப்படி இருக்கும் என்று ஒரு முறை ஒத்திகை பார்த்துக்கொள்ளும் ஆசை அது.

இந்த ஒத்திகையைச் சடங்காகவே வைத்திருக்கும் ஊர் நமக்குப் பக்கத்திலேயே உண்டு. தெற்கு இலங்கையின் சிங்களக் கிராமங்களில் நோயாளிக்காக இரவு முழுக்க ஆடும் ‘தஹஅட்ட சன்னிய’ என்ற ஆட்டத்தை, கோமாளியையும் பேயையும் பற்றிப் பேசும் எவரும் பார்த்தாக வேண்டும். பதினெட்டு நோய்களுக்குப் பதினெட்டு பேய்கள். செவிடாக்குவது ஒன்று, கண்ணைக் கெடுப்பது ஒன்று, ஊமையாக்குவது ஒன்று, முடமாக்குவது ஒன்று. மரத்தில் குடைந்து வண்ணம் பூசிய முகமூடிகள். பிதுங்கிய விழி, கோணிய வாய். மேளம் முழங்க அவை நோயாளிக்கு எதிரே வந்து நிற்கும்போது பச்சைப் பிள்ளைகள் தாய் முந்தானைக்குள் ஒளிந்துகொள்ளும். அடுத்த கணம் மேளக்காரர் அந்தப் பேயோடு வாயாட ஆரம்பிக்கிறார். பேய் தப்புத் தப்பாகப் பேசுகிறது, அசட்டுத்தனம் செய்கிறது, ஆபாசமாக உளறுகிறது. கூட்டம் சிரிக்கிறது. நோயாளியும் சிரிக்கிறார். முடிவில் பேய் புத்தரின் ஆணைக்குக் கட்டுப்பட்டு, படையலை வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. மானிடவியலாளர் புரூஸ் காஃபரர் இந்தச் சடங்குகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 1983இல் ஒரு புத்தகமே எழுதினார். தன் பயத்தோடு தனியே அடைபட்டுக் கிடந்தவரை அந்தச் சிரிப்பு மறுபடி ஊராரோடு சேர்க்கிறது என்பது அவர் கண்டதன் சாரம்.

தமிழ்நாட்டிலும் இந்தப் புரிதல் இல்லாமல் இல்லை. பாதி கட்டிய வீட்டின் முன் தொங்கும் திருஷ்டிப் பூசணியின் முகம் எப்படிப்பட்டது? முறுக்கு மீசை, வெளியே தொங்கும் நாக்கு, கோரைப்பல். அதோடு ஒரு விகாரச் சிரிப்பு. கடன் வாங்கி வீடு கட்டுகிறவர் மிகவும் கலங்கியிருக்கும் மாதங்களில் அது வாசலில் காவல் நிற்கிறது. 2011இல் ‘காஞ்சனா’ ஓடிய ஓட்டத்துக்குப் பிறகு பேயும் நகைச்சுவையும் கலந்த படங்கள் வரிசைகட்டின. மலிவான படங்கள் என்று விமர்சகர்கள் ஒதுக்கினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ‘காஞ்சனா’வின் பேய் நிலம் பறிக்கப்பட்டு, வஞ்சிக்கப்பட்டுக் கொல்லப்பட்ட ஒரு திருநங்கை. உயிரோடு இருந்தபோது கிடைக்காத நியாயத்தைக் கேட்டு வருகிறவள். அலறிய அரங்கமே கொஞ்ச நேரத்தில் அவள் பக்கம் நின்று கைதட்டியது.

இந்த இடத்தில்தான் இன்றைய கோமாளித் திகில் எனக்குக் கவலை தருகிறது. 2024 அக்டோபரில், மறுபடியும் ஓர் அமெரிக்கத் தேர்தல் நெருங்கிய வாரங்களில், ‘டெரிஃபையர் 3’ அந்நாட்டு வசூலில் முதலிடத்துக்கு வந்தது. இரண்டு மில்லியன் டாலர் அளவில் எடுத்த படம். அதைப் போலப் பல மடங்கு செலவில் எடுத்து முந்தைய வாரம் வெளியிட்ட இரண்டாம் ‘ஜோக்கர்’ படத்தைத் தள்ளிவிட்டது. அதில் வரும் ஆர்ட் என்ற கோமாளி பேசுவதில்லை. அவனுக்குக் குறை கிடையாது, வழக்கு கிடையாது, காரணம் கிடையாது. வெட்டுகிறான், சிரிக்கிறான். இது ஏன் ஈர்க்கிறது என்று புரிகிறது. காரணமே சொல்லாமல் வேலையிலிருந்து அனுப்பப்படும், காரணமே தெரியாமல் துப்பாக்கிச் சூட்டில் சாகும் ஊரின் பயம் அப்படித்தான் இருக்கும். ஆனால் சன்னியப் பேய் படையல் வாங்கிக்கொண்டு போகிறது. ஆர்ட் போவதில்லை, அடுத்த பாகத்துக்குக் காத்திருக்கிறான். அவனைப் பார்த்துச் சிரிக்கவும் முடியாது, அவனோடு வாயாடவும் முடியாது. பயத்துக்கு உடம்பு மட்டும் கிடைத்து, அதை வழியனுப்பும் வேலை நடக்காவிட்டால், பார்த்துவிட்டு வருகிற பிள்ளை எதை இறக்கி வைத்துவிட்டு வருகிறது?

பென்னிவைஸ் பிறந்த அதே 1986இல், நியூயார்க்கில் ‘பிக் ஆப்பிள் சர்க்கஸ்’ நிறுவனர்களில் ஒருவரான மைக்கேல் கிறிஸ்டென்சன் கோமாளிகளைக் குழந்தைகள் மருத்துவமனைக்குள் அழைத்துப்போகத் தொடங்கினார். வெள்ளை அங்கி மாட்டிய கோமாளி டாக்டர்கள், டாக்டர்களையே கிண்டல் செய்வார்கள். 2005இல் இத்தாலியின் ஃபிளாரன்ஸில் அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருந்த 40 குழந்தைகளில் பாதிப்பேரிடம் பெற்றோரோடு கோமாளிகளையும் அனுப்பிப் பார்த்தார்கள். பெற்றோர் மட்டும் துணையிருந்த குழந்தைகளைவிட அந்தப் பாதிப்பேர் மயக்க மருந்து கொடுக்கும் நேரத்தில் குறைவாகவே பயந்தார்கள். மூன்றாண்டு கழித்து ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தார், வார்டுச் சுவரில் கோமாளிப் படம் வரையலாமா என்று நோயுற்ற குழந்தைகளிடமே கேட்டபோது, வேண்டாம் என்று பதில் வந்தது. சுவரில் வரைந்த முகம் பதில் பேசாது. இப்போது மருத்துவமனைக்குப் போகும் கோமாளிகள் பலர் முகம் முழுக்க வெள்ளை அடிப்பதில்லை. மூக்கில் சிவப்புக் குமிழ் ஒன்றை மட்டும் மாட்டிக்கொள்கிறார்கள். கதவருகே நின்று, உள்ளே வரலாமா என்று கேட்கிறார்கள். குழந்தை வேண்டாமென்றால் போய்விடுகிறார்கள்.