கோர்வை போட்ட மந்திரி சபை

உங்கள் பீரோவில் காஞ்சிபுரம் கோர்வைப் புடவை ஒன்று இருந்தால், அதைச் சற்று எடுத்து விரித்துப் பாருங்கள். உடல் ஒரு நிறம். கரை வேறு நிறம். இரண்டும் சேரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். அது தைத்ததும் அல்ல, ஒட்டியதும் அல்ல. தறியில் உட்கார்ந்தவர் ஒரு பக்கமும், உதவிக்கு வந்தவர் ஒரு பக்கமுமாக, மூன்று நாடாக்களை ஓட்டி, இழையோடு இழையைக் கோர்த்து நெய்தது. வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் கோர்வை ஒழுங்காக விழுந்து விட்டால், புடவை நைந்தாலும் கரை பிரியாது என்பது நெசவாளர் பெருமை.

ராஜாங்க காரியத்திலும் சில சமயம் இப்படிக் கோர்வை போட வேண்டி வந்து விடுகிறது. தேர்தல் நடக்கிறது, வோட்டுக்களை எண்ணுகிறார்கள், எந்தக் கட்சிக்கும் பாதிக்கு மேல் ஸ்தானம் இல்லை. அப்போது வேறு வேறு நிறமுள்ள கட்சிகளைச் சேர்த்துத்தான் மந்திரி சபை நெய்ய வேண்டும்.

"அரசியலா? எனக்கெதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். 1952-ல் சென்னையில் போட்ட ஒரு கோர்வை, உங்கள் பாட்டியின் அரிசிப் பானை வரையில் வந்து எட்டிப் பார்த்தது. அந்தக் கதையைக் கேளுங்கள்.

188 வேண்டும், 152 தான் உண்டு

வயது வந்த எல்லோருக்கும் வோட்டு என்று ஆன பிறகு நடந்த முதல் பொதுத் தேர்தல் அது. அன்றைய சென்னை ராஜ்யம் இன்றையத் தமிழ்நாடு மட்டும் அல்ல. ஆந்திரப் பகுதியும், மலபாரும், தென் கன்னடமும் அதில் சேர்ந்திருந்தன. சட்டசபையில் 375 ஸ்தானங்கள். ஆட்சி அமைக்க 188 பேர் வேண்டும். சுதந்திரம் வாங்கித் தந்த காங்கிரஸுக்குக் கிடைத்ததோ 152 தான். முதல் மந்திரி குமாரசாமி ராஜாவே தோற்றுப் போனார். மந்திரி பக்தவத்சலமும் தோற்றார். கம்யூனிஸ்டுகள் 62 இடங்களைப் பிடித்து விட்டார்கள்.

எதிர்க்கட்சிகள் சும்மா இருக்குமா? ஐக்கிய ஜனநாயக முன்னணி என்று ஒன்று கூடி, ஆந்திர கேசரி பிரகாசத்தைத் தலைவராக்கின. தங்கள் பக்கம் 166 பேர் இருப்பதாகக் கவர்னரிடம் சொல்லின. கவர்னர் ஸ்ரீபிரகாசா என்ன செய்வார்? ஒரு பக்கம் 152 பேர் உள்ள ஒரே கட்சி. மறு பக்கம் 166 பேர் உள்ள பல கட்சிக் கூட்டு. இரண்டு பக்கமும் 188-ஐத் தொடவில்லை.

காங்கிரஸ்காரர்கள் ஓய்வில் இருந்த ராஜாஜியைத் தேடிப் போனார்கள். கவர்னர் ஜெனரலாக இருந்தவர். டில்லியில் உள்நாட்டு மந்திரியாகவும் இருந்தவர். ஆனால் அவர் அந்தத் தேர்தலில் நிற்கவே இல்லை. கவர்னர் அவரை மேல்சபைக்கு நியமனம் செய்தார். 1952 ஏப்ரல் 10-ம் தேதி ராஜாஜி முதல் மந்திரியானார். ஜனங்களிடம் வோட்டுக் கேட்காதவர் முதல் மந்திரியாகலாமா என்று ஊரெல்லாம் வாதம். கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி ஹைகோர்ட்டுக்கே போனார். வழக்கு தள்ளுபடியாயிற்று.

ஜூலை 3-ம் தேதி சட்டசபையில் நம்பிக்கை வோட்டு. ராஜாஜிக்கு ஆதரவாக 200, எதிராக 151. 152 எப்படி 200 ஆயிற்று? அங்கேதான் கோர்வை இருக்கிறது.

செங்கல்பட்டு ஜில்லாவின் பங்கு

காஞ்சிபுரமும், பெரிய ஏரிக்குப் பேர் போன தென்னேரியும் அப்போது செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்தன. அந்த ஜில்லாவிலும் வட ஆர்க்காட்டிலும் வேலை செய்த கட்சி காமன்வீல் கட்சி. தலைவர் மாணிக்கவேலு நாயக்கர். தென் ஆர்க்காடு, சேலம் பக்கங்களில் உழைப்பாளர் கட்சி. தலைவர் ராமசாமி படையாட்சி. வன்னியர் சமூகத்துக்குப் படிப்பிலும் உத்தியோகத்திலும் உரிய பங்கு வேண்டும் என்பதற்காகத் தோன்றிய கட்சிகள் இவை. காமன்வீலுக்கு 6 இடம், உழைப்பாளர் கட்சிக்கு 19 இடம் கிடைத்தன. தேர்தலில் நிற்காத தி.மு.க. இவர்களை ஆதரித்தது. காங்கிரஸை எதிர்த்துத்தான் இவர்கள் வோட்டு வாங்கினார்கள்.

தேர்தல் முடிந்ததும் காமன்வீல் கட்சி ராஜாஜி பக்கம் வந்தது. மாணிக்கவேலு நாயக்கர் மந்திரியானார். சுயேச்சைகளும் வேறு கட்சிக்காரர்களும் சிலர் வந்தார்கள். 1954-ல் காமராஜ் முதல் மந்திரியானபோது ராமசாமி படையாட்சியும் மந்திரியானார். பிறகு இரு கட்சிகளும் காங்கிரஸிலேயே கலந்து விட்டன.

இது சரியா, தப்பா? இரண்டு விதமாகவும் பேசலாம். "நாங்கள் கேட்ட பங்கு, எதிர் வரிசையில் உட்கார்ந்து கத்தினால் கிடைக்காது, மந்திரி சபைக்குள்ளே போனால் கிடைக்கும்" என்பது ஒரு பக்கத்து நியாயம். அது லேசான நியாயம் அல்ல. ஆனால் மறு பக்கமும் பாருங்கள். காங்கிரஸ் வேண்டாம் என்று வோட்டுப் போட்டு விட்டு வீட்டுக்கு வந்த ஒரு பெண்மணி, தான் அனுப்பியவரே காங்கிரஸ் மந்திரி சபையைத் தாங்குவதைக் கண்டால், "என்னை ஒரு வார்த்தை கேட்டார்களா?" என்று நினைக்க மாட்டாளா?

அடுப்பங்கரைக்கு வந்த அரசியல்

மெஜாரிட்டி மெலிந்த அந்த மந்திரி சபை என்ன செய்தது? 1952 ஜூனில் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். யுத்த காலத்திலிருந்து ரேஷன் கார்டும் கையுமாக அரிசிக்குக் காத்திருந்த குடும்பங்கள் கடையில் அரிசி வாங்கத் தொடங்கின.

அடுத்தது தறி. கைத்தறித் துணி விற்காமல் தேங்கி, நெசவாளர் வீடுகளில் பட்டினி. வேட்டியும் புடவையும் நெய்யும் உரிமையைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று ராஜாஜி டில்லியிடம் கேட்டார். எதிர்த் தரப்பில் இருந்த தி.மு.க.வினரோ 1953 ஜனவரியில் தெருத் தெருவாகக் கைத்தறித் துணியைச் சுமந்து விற்றார்கள். காஞ்சிபுரத்துப் பிள்ளையான அண்ணா திருச்சித் தெருக்களில் விற்றார். கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. ஆனாலும் மில்கள் நெய்யும் வேட்டிக்கு டில்லி ஓர் அளவு வைத்தது. 1953-ல் மில் துணி மீது கூடுதல் வரி போட்டு, அந்தப் பணத்தைக் கதருக்கும் கைத்தறிக்கும் ஒதுக்கியது.

ஆனால் அதே மந்திரி சபை இன்னொரு காரியத்தில் சறுக்கியது. 1953-ல் ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளுக்கு அரை நாள் படிப்பு, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று ஒரு திட்டம் வந்தது. எதிர்த்தவர்கள் அதைக் குலக் கல்வித் திட்டம் என்றார்கள். நெசவாளர் பிள்ளை நெசவாளராகவே இருக்க வேண்டுமா என்ற கேள்வி வீடு வீடாகப் புகுந்தது. சட்டசபையைக் கலந்து கொள்ளாமல் கொண்டு வந்த திட்டம் அது. அதைக் கைவிட வேண்டும் என்ற தீர்மானத்துக்கு அந்த ஜூலையில் ஆதரவு 138, எதிர்ப்பு 138! ஒரு நூலிழை. 1954-ல் ராஜாஜி விலகினார், காமராஜ் வந்தார், திட்டம் போயிற்று.

இதிலிருந்து தெரிவது என்ன? மெஜாரிட்டி மெலிந்த ஆட்சி, நாலு பேரைக் கலந்து கொண்டு நடந்தால் நிற்கும். கலக்காமல் நடந்தால் அதன் கோர்வை பிரிந்து விடும்.

பிறகு வந்த விதிகள்

அன்றைக்குக் கவர்னரின் மனப்போக்கே பெரிது. இன்றைக்குச் சில வரம்புகள் வந்திருக்கின்றன. முதலில் யாரைக் கூப்பிடுவது? தேர்தலுக்கு முன்பே கூட்டுச் சேர்ந்தவர்கள், பிறகு தனிப் பெரிய கட்சி, அதன் பிறகே தேர்தலுக்குப் பின் சேர்ந்தவர்கள் என்று சர்க்காரியா கமிஷன் ஒரு வரிசை சொன்னது. மெஜாரிட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய இடம் கவர்னர் மாளிகை அல்ல, சபைதான் என்று 1994-ல் பொம்மை வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லி விட்டது. ஒரு கட்சிச் சீட்டில் ஜயித்தவர் தனியாக மறு கட்சிக்குத் தாவினால் பதவி போகும் என்பது 1985-ல் வந்த சட்டம்.

சட்டம் வந்தும் கோர்வை தானாக உறுதிப்பட்டு விடவில்லை. 1999 ஏப்ரலில் அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக் கொண்டதும், வாஜ்பாயி சர்க்கார் 269-க்கு 270 என்று ஒரே வோட்டில் கவிழ்ந்தது. அதற்கு நேர்மாறாக, 2006-ல் தமிழ்நாட்டில் 234-ல் 96 இடம் மட்டும் பெற்ற தி.மு.க., காங்கிரஸின் 34 பேரும் மற்ற தோழமைக் கட்சிகளும் வெளியிலிருந்து தாங்க, ஐந்து வருஷமும் ஆண்டது. கிலோ இரண்டு ரூபாய் அரிசி அந்த ஆட்சியில்தான் வந்தது. 2024 பார்லிமெண்டுத் தேர்தலில் பா.ஜ.க.வுக்கு 240, வேண்டியது 272. தெலுங்கு தேசத்தின் 16-ம், ஐக்கிய ஜனதா தளத்தின் 12-ம் கை கொடுத்தன.

எழுதி வைத்தால் கேட்கலாம்

எண்ணிக்கையை விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. சேருகிறவர்கள் எதற்காகச் சேருகிறார்கள் என்பதை எழுதி ஊரறியச் சொல்வதுதான் அது. 2004-ல் காங்கிரஸுக்கு 145 இடம்தான். இடதுசாரிகள் வெளியிலிருந்து தாங்கினார்கள். அப்போது குறைந்தபட்சப் பொதுத் திட்டம் என்று ஒன்றை அச்சிட்டு வெளியிட்டார்கள். கிராமத்துக் குடும்பத்துக்கு வருஷத்தில் நூறு நாள் வேலை என்ற வாக்குறுதி அதில் இருந்தது. எழுதி வைத்ததால் கேட்க முடிந்தது. கேட்டதால் 2005-ல் சட்டமாயிற்று. வேலையில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களுக்கு என்றும் அந்தச் சட்டம் சொன்னது. நம் பக்கத்து ஏரிகளிலும் வாய்க்கால்களிலும் எத்தனை பெண்கள் மண் சுமந்து, தங்கள் பெயரிலேயே கூலி வாங்கினார்கள்!

ஜெர்மனியில் இப்படி எழுதுவது வழக்கமாகவே ஆகி விட்டது. 2018-ல் அங்கே சமூக ஜனநாயகக் கட்சி, கூட்டு ஒப்பந்தத்தைத் தன் அங்கத்தினர்கள் எல்லோரிடமும் வோட்டுக்கு விட்டு, அவர்கள் சரி என்ற பிறகே ஆட்சியில் சேர்ந்தது.

நாம் கணக்குக் கேட்பதற்கு ஜெர்மனி வரையில் போக வேண்டியதும் இல்லை. தென்னேரிக்கு அதிகத் தொலைவில் இல்லை உத்திரமேரூர். அங்கே கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்து, 919, 921-ம் ஆண்டுக் கல்வெட்டுக்கள் இருக்கின்றன. குடவோலையால் ஊர் வாரியத்துக்கு ஆள் எடுத்த விதத்தை அவை சொல்கின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பேரைக் குடத்தில் இடக் கூடாது. அவருடைய உறவினர் பேரையும் இடக் கூடாது! அந்தக் குடத்தில் பெண்கள் பேர் விழுந்ததில்லை. இன்றைய வோட்டர் ஜாபிதாவில் உங்கள் பேர் இருக்கிறது.

ஆகையால், இனி ஒரு தேர்தலில் யாருக்கும் மெஜாரிட்டி இல்லை என்று செய்தி வந்தால், "எத்தனை பேர் சேர்ந்தார்கள்?" என்று மட்டும் கேட்டு நிறுத்தி விடாதீர்கள். என்ன கேட்டுச் சேர்ந்தார்கள்? அதை எழுதி வெளியிட்டார்களா? எழுதியதில் எது நடந்தது? இந்த மூன்றையும் உங்கள் தொகுதி உறுப்பினரிடம் கேளுங்கள். கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும் கோர்வையைத் திருப்பிப் பார்க்காமல் புடவைக்குப் பணம் கொடுப்பீர்களா? மந்திரி சபைக்கு மட்டும் ஏன் சலுகை?