புற்று வளரும் வகை



மந்தாரக்குப்பத்தில் என் இல்லத்திற்குப் பாடம் கேட்க வரும் பிள்ளைகளுள் ஒருவன், "ஐயா, புற்றுநோய் ஒட்டுமா? அடுத்த வீட்டுத் தாத்தாவின் அருகில் போகாதே என்கிறார்களே!" என்று வினவினான். ஒட்டாது. நோயாளியைத் தொடுவதாலோ, உடனமர்ந்து உண்பதாலோ அந்நோய் வருவதில்லை. நம் உடலின் உயிரணுக்களே நெறி தவறிப் பெருகுவதால் விளைவது அது.

உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. அவை வேண்டும்போது இரண்டாகப் பிரியும், வேண்டாதபோது நிற்கும், பழுதுற்றால் தாமே மடியும். விரலில் வெட்டுப்பட்டால், புதுத்தோல் காயத்தை மூடியதும் வளர்ச்சி நின்றுவிடுகிறது அன்றோ? 'வளர்' என்றும் 'நில்' என்றும் ஆணையிடும் ஏடு போன்றவை உயிரணுவினுள் இருக்கும் மரபணுக்கள். அவ்வேட்டில் பிழைகள் சேர்ந்து, 'நில்' என்னும் ஆணை அழிந்தால், அணுக்கள் திரண்டு கட்டியாகின்றன.

கட்டிகள் அனைத்தும் புற்று அல்ல. தோலின்கீழ் உருளும் கொழுப்புக்கட்டி இருந்த இடத்திலேயே இருக்கும். புற்றோ அண்டைத் திசுக்களைத் துளைத்துச் செல்லும். அதன் அணுக்கள் குருதியிலும் நிணநீரிலும் கலந்து நுரையீரல், கல்லீரல், எலும்பு முதலிய உறுப்புகளிலும் குடியேறும். கறையான் புற்றில் வெளியே தெரியும் மேடு சிறிது. மண்ணுக்குள் ஓடும் வழிகள் பல. பெயர்ப் பொருத்தம் நோக்குக!

இம்மாற்றம் ஒரே நாளில் நிகழ்வதன்று. நிலக்கரியோடு வாழும் நம் ஊரார்க்கு எளிதில் விளங்கும் சான்றுகள் இரண்டு உண்டு. 1775இல் இலண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், சிறுவயதில் புகைபோக்கிகளுக்குள் ஏறித் துப்புரவு செய்தோர்க்குப் பிற்காலத்தில் ஒருவகைத் தோற்புற்று வருவதைக் கண்டார். உடலிற் படிந்த புகைக்கரியே காரணம் என்றார். 1915இல் ஜப்பானிய அறிஞர் யாமகிவாவும் இச்சிகாவாவும் முயல்களின் காதுகளில் நிலக்கரித் தாரைப் பல மாதங்கள் விடாது தடவிப் புற்றை உண்டாக்கிக் காட்டினர். பல மாதங்கள் என்பதை மறவாதீர்கள். பிழைமேற் பிழை சேர்ந்தே புற்று பிறக்கிறது. அந்த இடைக்காலமே நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு.

நம் நாட்டில் அத்தாரினும் கொடியது புகையிலை. கன்னத்தில் அடக்கும் புகையிலையால் வாயினுள் முதலில் வெண்திட்டு தோன்றலாம். அந்நிலையிலேயே பழக்கத்தைக் கைவிட்டு மருத்துவரிடம் காட்டினால், அது புற்றாக மாறாமல் தடுக்கப் பெரிதும் வாய்ப்புண்டு. ஆறாத புண், வலியற்ற கட்டி, காரணம் தெரியாத குருதிக்கசிவு ஆகியவற்றையும் காட்ட வேண்டும். வலி இல்லையே என்று வாளாவிருப்பவர் பலர். தொடக்கத்தில் வலியின்றி வருவதே இந்நோயின் வஞ்சகம்.

உடன்பிறந்தாளை இந்நோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால், 1954இல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் தோன்றியது. இன்று அது நாடறிந்த நிறுவனம். அறுவை, கதிர்வீச்சு, மருந்து எனச் சிகிச்சைகள் பல வளர்ந்துள்ளன. எனினும் காலந்தாழ்த்தி வருவோர்க்கு அவற்றின் பயன் குறைவே.

ஆகவே, உங்கள் வீட்டுப் பெரியவர் வாயில் பல வாரங்களாக ஆறாத புண் இருப்பின், கூச்சமின்றிச் சொல்லுங்கள். கையோடு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கற்ற உயிரியலுக்கு அதனினும் சிறந்த பயன் வேறில்லை.