களைக்கொல்லிக்கு அடங்காத நஞ்சைக் களைகள்

ஆள்வைத்துக் களையெடுக்கும் செலவு ஏறி வருவதாலும், நாற்றுநடவை விட்டு நேர்விதைப்பை மேற்கொள்ளும் குடியானவர்கள் பெருகி வருவதாலும், களைக்கொல்லி மருந்துகள் நெற்சாகுபடியில் முக்கிய இடம் பெற்றுவிட்டன. ஆயினும், சில ஆண்டுகள் நன்கு பலித்த மருந்து பின்னர் அதே வயலில் பலிப்பதில்லை என்னும் முறையீடு நெல் விளையும் பல தேசங்களிலும் எழுந்துள்ளது. இதற்கு மருந்தில் கலப்படமென்று கடைக்காரரைக் குறை கூறுவது வழக்கம். சிற்சில சமயம் அது உண்மையாயுமிருக்கலாம். ஆனால் மருந்து சுத்தமாயிருக்க, களையே மாறியிருப்பதும் உண்டு.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் நெல் மிகுதியாய் விளையும் அர்க்கன்சாஸ் மாகாணத்தின் அநுபவம் இவ்விஷயத்தில் கவனிக்கத்தக்கது. அங்கே குதிரைவாலிப் புல்லை ஒழிக்கும் பொருட்டு 1960-ஆம் ஆண்டை அடுத்து புரொப்பனில் என்னும் மருந்து வழக்கத்திற்கு வந்தது. நெற்பயிர் தன்னிடமுள்ள ஒரு நொதியினால் இம்மருந்தைச் சிதைத்து விஷமற்றதாக்கிக் கொள்ளும். குதிரைவாலிக்கு அச்சக்தி போதாமையால் அது மடியும். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இதையே பெரிதும் நம்பியிருந்தபின், 1990-ஆம் ஆண்டையொட்டி, மருந்துக்குச் சாகாத குதிரைவாலி அங்கே காணப்பட்டது. ஆராய்ந்ததில், நெல்லைக் காக்கும் அதே வகை நொதி அப்புல்லிலும் மிகுதியாய் வேலை செய்வது தெரிய வந்தது. அதற்கு மாற்றாக வந்த குவின்குளோராக் என்னும் மருந்தும் நெடுங்காலம் கைகொடுக்கவில்லை. அப்பத்தாண்டின் இறுதியில் இரண்டுக்கும் அடங்காத புல் தோன்றிவிட்டது. கலிபோர்னியாவிலோ 1989-ல் வந்த பென்சல்ஃப்யூரான் மருந்துக்கு வட்டக்கோரை அடங்காமற்போக நான்கைந்து ஆண்டுகளே போதுமாயிருந்தன.

மருந்தானது களையை இவ்வாறு மாற்றுவதில்லை. பல இலட்சம் செடிகளுள் எங்கோ ஒன்று பிறவியிலேயே அம்மருந்தைத் தாங்கும் தன்மை பெற்றிருக்கும். மற்றவை மடிய, அது ஒன்று மட்டும் தழைத்து ஆயிரக்கணக்கான விதைகளைச் சிந்துகிறது. மறு போகத்திலும் அதே மருந்தைத் தெளித்தால், அவ்வம்சத்திற்கு நாமே இடம் ஒழித்துக் கொடுத்தவர்களாகிறோம்.

மருந்தை மாற்றுகிறோமென்று பலர் பெயரை மட்டுமே மாற்றுகிறார்கள். பென்சல்ஃப்யூரான், பிஸ்பைரிபேக், பினாக்சுலம் ஆகியவை வெவ்வேறு பெயருடையனவாயினும், களைச்செடியில் ஒரே நொதியையே தாக்குவன. ஒன்றுக்கு அடங்காத களை மற்றவற்றிற்கும் அடங்காமற்போகக் கூடும். ஆகையால் வாங்கும்போது அது எவ்வகுப்பைச் சேர்ந்தது என்று விசாரித்து, போகத்துக்குப் போகம் வகுப்பையே மாற்றுதல் வேண்டும். சிக்கனம் கருதி அளவைக் குறைப்பதும் நன்றன்று. அரைகுறையாய்த் தாங்கும் செடிகள் அதனால் பிழைத்து விதைக்கின்றன.

தெளிப்பில் நேர்ந்த பிழையையும் களையின் மாறுதலையும் பிரித்தறிவது கடினமன்று. தெளித்த வழி தவறியிருந்தால் பலவகைக் களைகளும் வரிசையாகத் தப்பி நிற்கும். மற்றக் களைகள் யாவும் மடிய, ஒரே இனம் மட்டும் திட்டுத்திட்டாக நின்று, அதிலும் செத்த செடியருகில் பச்சைச் செடி காணப்பட்டால் சந்தேகிக்க வேண்டும். அத்திட்டுகள் கதிர் வாங்குமுன் கையால் பிடுங்கி அப்புறப்படுத்தப்படல் அவசியம். இளம்பருவத்தில் குதிரைவாலி நெல்லைப் போலவே தோன்றி ஆட்களை ஏமாற்றும். இலையும் உறையும் கூடுமிடத்தில் நெல்லுக்கு மெல்லிய வெண்சவ்வு உண்டு. குதிரைவாலிக்கு அது கிடையாது.

பழைய முறைகளைக் கைவிடலாகாது. மருந்துகள் வருமுன்னர் கலிபோர்னியாவிலேயே குதிரைவாலியை அடக்குவதற்காக ஆழமாய் நீர் தேக்கி அதில் விதைத்து வந்தனர். நன்றாய்த் தொழியுழவு செய்து, மேடுபள்ளமின்றிச் சமன்படுத்தி, நட்ட பயிர் வேர் பிடித்தபின் நீர் நிறுத்தினால் பெரும்பாலான புற்கள் தலையெடுப்பதில்லை. நேர்விதைப்புக்காரர்களுக்கு இவ்வசதி குறைவு. அவர்கள் விதைக்குமுன் நிலத்தை ஒருமுறை நனைத்து, முளைத்த களைகளை உழுது மடக்கி, பின்னர் விதைத்தல் நலம்.

அறுவடை இயந்திரம் ஒரு வயலின் களைவிதையை அடுத்த வயலுக்குச் சுமந்து செல்கிறது. வாய்க்கால் நீரும் அவ்வாறே. ஒருவர் தம் நிலத்தை மட்டும் காத்தல் அதனால் அரிதாகிறது. கிராம அதிகாரிகள் இயந்திரக்காரர்களிடம் சொல்லி, களை மிகுந்த வயல்களைக் கடைசியாய் அறுக்கவும், ஊரை விட்டு நீங்குமுன் இயந்திரத்தைத் துப்புரவு செய்யவும் ஏற்பாடு செய்யலாம். சந்தேகத்துக்குரிய திட்டுகளைச் சர்வே எண்ணுடன் குறித்து, அறுவடைக்கு முன்னரே விவசாய இலாகாவுக்குத் தெரிவிப்பது மிக்க அநுகூலமாயிருக்கும்.