விமானிக்கும் ஆண்டுதோறும் எஃப்.சி. உண்டு

ஓமலூர் வட்டாரத்தில் காலனி ஒன்றில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பு. தலைக்கு மேலே சத்தம் கேட்டதும் பிள்ளைகள் எல்லாரும் பாடத்தை விட்டுவிட்டு வெளியே ஓடினார்கள். காமலாபுரம் விமான நிலையத்தில் இருந்து கிளம்பிய விமானம் சேர்வராயன் மலைப் பக்கம் திரும்பி மறைந்தது. பத்தாம் வகுப்பு படிக்கும் பெண் ஒருத்தி கேட்டாள்: "ஏங்கண்ணா, இதை ஓட்டுறவங்க எங்க போயிப் படிக்கிறாங்க? நம்மாளுங்க யாராச்சும் ஓட்டுறாங்களா?"

முதல் கேள்விக்கு அங்கேயே பதில் சொன்னோம். இரண்டாவது கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

காமலாபுரம் விமான நிலையம் 1993-இல் திறக்கப்பட்டது. பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. நடுநடுவே ஓடியது, மறுபடி நின்றது. 2023 அக்டோபரில் இருந்து மீண்டும் விமானங்கள் வந்து போகின்றன. 2022-இல் விமான நிலைய ஆணையம் விமானப் பயிற்சிப் பள்ளிகளுக்கு இடம் ஒதுக்கிய ஐந்து ஊர்களில் சேலமும் ஒன்று. ஆக, விமானி ஆகும் படிப்பு நம் ஊர் வாசலுக்கே வந்துவிட்டது. வாசலைத் தாண்டி நம் பிள்ளைகள் உள்ளே போக முடியுமா என்பதுதான் கேள்வி.

தகுதி என்ன என்று முதலில் பார்ப்போம். வணிக விமானி உரிமம் பெற 18 வயது நிறைந்திருக்க வேண்டும். இதுவரை உள்ள விதிப்படி பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனையில் முதல் வகுப்புச் சான்று வேண்டும். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டி.ஜி.சி.ஏ., நடத்தும் எழுத்துத் தேர்வுகளில் நூற்றுக்கு எழுபது எடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் பேசிப் புரியவைக்கும் திறனுக்குக் குறைந்தது நான்காம் நிலைச் சான்று வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்தின் முழுப் பொறுப்பையும் தானே ஏற்றுப் பறந்ததாக இருக்க வேண்டும்.

இந்த உரிமம் மட்டும் இருந்தால் பயணிகள் விமானத்தில் வேலை கிடைக்காது. 'இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்' என்ற இன்னொரு தகுதியும் வேண்டும். கருவிகளை மட்டும் பார்த்து விமானம் ஓட்டும் தகுதி என்று அதைச் சொல்லலாம்.

மார்கழி விடியலில் ஏரிக்கரையில் பனி இறங்கினால் பத்தடி தள்ளி நிற்கும் ஆள் தெரியாது. நாமக்கல் லாரி என்றால் ஓட்டுநர் ஓரங்கட்டி நிறுத்திவிட்டு டீ குடிப்பார். மேகத்துக்குள் புகுந்த விமானத்தை நிறுத்த இடம் ஏது? வெளியே பார்த்தால் வெள்ளைச் சுவர்தான். அந்த நேரத்தில் உடம்பு பொய் சொல்லும். நம் உட்காதில் இருக்கும் திரவம்தான் நாம் சாய்கிறோமா, திரும்புகிறோமா என்று மூளைக்குச் சொல்கிறது. விமானம் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் அந்தத் திரவம் அசைவில்லாமல் நின்றுவிடும். விமானம் நேராகப் போவதாக விமானிக்குத் தோன்றும். அதை நம்பிக் கையை அசைத்து விழுந்த விமானங்கள் உலகில் ஏராளம்.

ஆகவே தன் உடம்பு சொல்வதைத் தள்ளிவைத்துக் கருவி சொல்வதை நம்பப் பழக வேண்டும். வேகம், உயரம், திசை, ஏற்ற இறக்கம், திருப்பம் ஆகியவற்றைக் காட்டும் கருவிகளோடு, வானமும் மண்ணும் சேரும் கோட்டைப் போலவே காட்டும் செயற்கைத் தொடுவானம் ஒன்றும் முன்னால் இருக்கும். வெளியே எதுவும் தெரியாதபடி மாணவரின் கண்ணுக்கு மேல் ஒரு மூடாக்கை மாட்டிவிட்டு, கருவிப் பலகையை மட்டும் பார்த்து ஓட்டச் சொல்வார்கள். இந்தியாவில் இந்தத் தகுதிக்கு 40 மணி நேரக் கருவிப் பயிற்சி வேண்டும். அதில் 20 மணி நேரம் வரை தரையில் உள்ள பயிற்சிக் கருவியில் செய்யலாம். முழுப் பொறுப்போடு ஓரூரில் இருந்து இன்னோரூருக்குப் பறந்த அனுபவம் 50 மணி நேரம் வேண்டும். கடைசியில் ஒரு தேர்வாளர் பக்கத்தில் உட்கார்ந்து சோதிப்பார்.

தேறியாகிவிட்டது, சான்றும் கையில் இருக்கிறது என்றால் கதை முடிந்ததா? இல்லை, நாம் கவனிக்க வேண்டிய இடம் இனிமேல்தான் வருகிறது.

நாமக்கல், சங்ககிரிப் பக்கம் வீட்டுக்கு வீடு லாரி விவரம் தெரியும். எட்டு வருடம் தாண்டிய லாரிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். காட்டாவிட்டால் லாரி எவ்வளவு நன்றாக ஓடினாலும் ரோட்டில் இறக்க முடியாது. விமானியின் கருவித் தகுதியும் அப்படித்தான், பன்னிரண்டு மாதம்தான் அதன் ஆயுள். ஒவ்வோர் ஆண்டும் தேர்வாளர் முன் பறந்து காட்டிப் புதுப்பிக்க வேண்டும். மருத்துவச் சான்றும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியதே. அமெரிக்காவில் முறை கொஞ்சம் வேறு. கடந்த ஆறு மாதத்துக்குள் கருவிகளை வைத்து ஆறு முறை இறங்குமுகப் பறத்தல் செய்திருந்தால்தான் அங்கே மேகத்துக்குள் நுழைய அனுமதி. தவறினால் மேலும் ஆறு மாத அவகாசத்துக்குள் பயிற்சி செய்து ஈடுகட்டலாம். அதுவும் போனால் மறு சோதனைதான்.

இந்த விதிகளை நாங்கள் குறை சொல்லவில்லை. பின்னால் நூற்றைம்பது உயிர்கள் உட்கார்ந்திருக்கும்போது, எப்போதோ கற்றது இன்றும் கையில் இருக்கிறதா என்று கேட்பது நியாயம். கருவிக்குச் சாதி தெரியாது, மேகத்துக்கும் தெரியாது. மனிதர்கள் வைத்த சோதனைகளில் இவ்வளவு நேர்மையானவை குறைவு.

ஆனால் சோதனைக்கு வந்து சேரும் வழி அப்படி இல்லை. பறக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் காசு வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் மத்திய அரசின் கீழ் இயங்கும் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உடான் அகாடமியில்கூட பயிற்சிக் கட்டணம் சுமார் 45 லட்சம் ரூபாய். உரிமம் வாங்கிய பிறகு, விமான நிறுவனம் ஓட்டும் குறிப்பிட்ட ரக விமானத்துக்கான தனிப் பயிற்சிக்கு மேலும் பல லட்சம் வேண்டும்.

பட்டியல் சாதி மாணவருக்கு அரசு என்ன தருகிறது? பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான மத்திய உதவித்தொகைத் திட்டத்தின் முதல் பிரிவில் வணிக விமானிப் படிப்பின் பெயர் இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 'டாப் கிளாஸ்' என்ற இன்னொரு திட்டத்தில் வருமான வரம்பு எட்டு லட்சம். தனியார் விமானப் பயிற்சிக்கு அது தரும் உச்சத் தொகை ஆண்டுக்கு 3.72 லட்சம் ரூபாய். இரண்டு ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் ஏழரை லட்சம்கூட வராது. 45 லட்சத்தில் இது ஆறில் ஒரு பங்கு. மீதி ஐந்து பங்குக்கு விற்க நம்மிடம் நிலமா இருக்கிறது?

பணம் குறைவது ஒரு பாதி என்றால், பணம் தாமதிப்பது மறுபாதி. கல்லூரி மாணவருக்கு உதவித்தொகை ஆறு மாதம் பிந்தி வந்தால் கடன் வாங்கிச் சமாளிப்பார், படித்த பாடம் அழியாது. விமானி மாணவர் கதை வேறு. 200 மணி நேரத்தையும் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய ஐந்து ஆண்டுக்குள் முடித்திருக்க வேண்டும். பொறுப்பேற்றுப் பறந்த மணிகளில் 15 மணி கடைசி ஆறு மாதத்துக்குள் வர வேண்டும். அலுவலகத்தில் கோப்பு தூங்கினால், ஏற்கெனவே காசு கட்டிப் பறந்த மணிகள் ஒவ்வொன்றாகக் காலாவதி ஆகும்.

அதையும் தாண்டி உரிமம் வாங்கிய பிறகும் வேலை உடனே கிடைப்பதில்லை. ஓராண்டு, இரண்டாண்டு காத்திருப்பவர்கள் உண்டு. அப்பனுக்குச் சொந்தத் தொழில் இருக்கும் பிள்ளை அந்த இரண்டாண்டும் காசு கட்டிக் கருவித் தகுதியைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பான். சேகோ ஆலையில் கூலிக்குப் போகும் தாயின் மகள் என்ன செய்வாள்? தகுதி காலாவதி ஆன விண்ணப்பத்தை எந்த நிறுவனமும் எடுத்துப் பார்க்காது. அப்போது "தகுதி இல்லை" என்ற சொல் வரும். நமக்குப் பழகிய சொல்தான். ஆனால் அவளிடம் திறமை இல்லாமல் போகவில்லை. புதுப்பிக்கப் பணம்தான் இல்லாமல் போயிற்று.

உதவித்தொகையின் கெடு முடிந்து படிப்பு பாதியில் நிற்பது நம் வரலாற்றுக்குப் புதிதல்ல. 1913-இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா சென்ற அண்ணல் அம்பேத்கர், 1916-இல் லண்டனில் ஆய்வுப் படிப்பில் சேர்ந்தார். 1917-இல் உதவித்தொகைக் காலம் முடிந்தது. படிப்பைப் பாதியில் விட்டுக் கப்பல் ஏறினார். லண்டன் பல்கலைக்கழகம் நான்கு ஆண்டுக்குள் திரும்பி வந்து தொடரலாம் என்று அனுமதித்தது. பம்பாயில் பேராசிரியர் வேலை பார்த்துச் சேர்த்த காசு, கோல்ஹாப்பூர் சாகு மகாராஜாவின் உதவி, நண்பரிடம் வாங்கிய கடன் ஆகியவற்றோடு 1920-இல் திரும்பிப் போனார். 1923-இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். அவருக்குக் கிடைத்தது நான்கு ஆண்டு அவகாசம். நம் விமானிப் பிள்ளைக்குக் கிடைப்பது பன்னிரண்டு மாதம்.

எல்லாச் சான்றும் செல்லுபடியாக இருந்தாலும் தீண்டாமை விமானத்துக்குள் ஏறாது என்று சொல்ல முடியவில்லை. 2025 ஜூனில் பயிற்சி விமானி ஒருவர், ஒரு தனியார் விமான நிறுவனத்தில் மேலதிகாரிகள் தன்னை விமானம் ஓட்ட லாயக்கில்லை, செருப்புத் தைக்கப் போ என்று இழிவுபடுத்தியதாகப் பெங்களூரில் புகார் கொடுத்தார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. உண்மையைச் சொல்ல வேண்டியது நீதிமன்றம். ஆனால் அருந்ததியர் நிறைந்த நம் மேற்கு மாவட்டங்களில் அந்தச் சொல்லின் சூடு யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அமெரிக்க விமானப்படையில் பறந்த மார்லன் கிரீன் என்ற கறுப்பின விமானி 1957-இல் ஒரு விமான நிறுவனத்தில் வேலை கேட்டார். நிறம் பார்த்து மறுத்தார்கள். 1963-இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். அந்த நிறுவனத்தின் விமானத்தில் அவர் ஏறியது 1965-இல்.

ஆகவே நாம் கேட்பவை இவை. விமானிப் பயிற்சிக்கான உதவித்தொகை முழுக் கட்டணத்துக்கும் ஈடாக இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை என்றில்லாமல், பறக்கும் மணிக் கணக்குக்கு ஏற்பத் தவணை தவறாமல் வர வேண்டும். உரிமம் பெற்ற பிறகு வேலை கிடைக்கும் வரை, குறைந்தது மூன்று ஆண்டுக்கு, கருவித் தகுதியையும் மருத்துவச் சான்றையும் புதுப்பிக்கும் செலவை அரசு ஏற்க வேண்டும். சேலம் விமான நிலையத்தில் நடக்கும் பயிற்சியில் ஆண்டுதோறும் சில ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களைத் தாட்கோ தன் செலவில் சேர்க்க வேண்டும். கேரளத்தில் இப்படிப்பட்ட மாணவர்களை அரசுச் செலவில் விமானி ஆக்கும் 'விங்ஸ்' திட்டம் இருக்கிறது. இங்கும் 2024-இல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம் வந்துவிட்டது. சட்டத்தில் வந்த நிதி ஓடுபாதைக்கும் வரட்டும்.

மாணவர்களுக்குச் சில சொற்கள். பதினொன்றாம் வகுப்பில் பிரிவு எடுக்கும்போதே இயற்பியலும் கணிதமும் உள்ள பிரிவைக் கேட்டு வாங்குங்கள். "உனக்கு வராது" என்று யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். வேறு பிரிவு படித்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் அந்த இரண்டு பாடத்தை மட்டும் எழுதித் தேறலாம். உடான் அகாடமியில் பட்டியல் சாதியினருக்கு இடஒதுக்கீடு உண்டு. ஆங்கிலம், கணிதம், இயற்பியலில் பொதுப் பிரிவுக்கு 50 விழுக்காடு கேட்கும் இடத்தில் நமக்கு 45 விழுக்காடு போதும். ஒரு ரூபாய் கட்டும் முன்பே மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எந்தத் தேதியில் எந்தச் சான்று முடிகிறது என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

ஓமலூர்ப் பிள்ளையின் இரண்டாவது கேள்விக்கு எங்களிடம் முழுப் பதில் இல்லை. அடுத்த வகுப்பில் கரும்பலகையில் 200 என்று எழுதினோம், பக்கத்தில் 40, அதன் பக்கத்தில் 12. பறக்க வேண்டிய மணி, கருவி பார்த்துப் பறக்க வேண்டிய மணி, தகுதி உயிரோடு இருக்கும் மாதம். அவள் மூன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு, "பன்னெண்டு மாசம் முடிஞ்சா யாருண்ணா பணம் கட்டுவாங்க?" என்று கேட்டாள்.

பதில் சொல்ல வேண்டியவர்கள் சென்னையிலும் டெல்லியிலும் இருக்கிறார்கள். கேள்வியை இங்கிருந்து அனுப்பிவைக்கிறோம்.