யாழினி: ஒரு பெயரும் ஓர் எழுத்தும்

அண்மையில் ஆறாந் தர வகுப்பொன்றில் வரவு குறித்தபோது இரண்டு யாழினிகள் எழுந்து நின்றனர். ஹற்றனுக்கு அண்மையில் தோட்டப் பாடசாலையொன்றில் நான் படித்த நாளில் அப்பெயரைக் கேட்டதே இல்லை. மாரியாயி, முத்தம்மா, ராமாயி என்பன எங்கள் பாட்டிமார் பெயர்கள். பத்மினியும் சரோஜாவும் படம் பார்த்த தலைமுறை இட்டவை. பின்னர் நிரோஷினி, டிலக்ஷி என்று லயமெங்கும் ஒலித்த காலம் ஒன்று வந்தது. அருமையாய் இருந்த யாழினி இப்போது பெருகியிருக்கிறது.

காரணம் ஓரளவு சோதிடரிடம் உண்டு. கேட்டை நட்சத்திரத்து இரண்டாம் பாதத்துக்கு அவர் சொல்லும் எழுத்து 'யா'. அவ்வெழுத்தில் தொடங்கும் பெண் பெயர்களோ மிகச் சில. இரவு எனப் பொருள்படும் யாமினி வடசொல். தமிழ்ப்பெயர் தேடுவோர் யாழினியிடம் வந்து சேருகின்றனர். பெயரின் அடி தமிழ். ஆயினும் மோகினி, நந்தினி என்பவற்றில் பழகிய ஈற்றோசையும் அதில் கேட்கிறது. அந்த ஓசைதான் செவிக்கு இதமாயிற்று என்பது என் எண்ணம்.

யாழைப் பாணரின் கருவியாகப் பத்துப்பாட்டின் ஆற்றுப்படை நூல்கள் உறுப்புறுப்பாக வருணிக்கின்றன. பேரியாழுக்கு நரம்பு 21, செங்கோட்டியாழுக்கு 7. வழக்கிறந்துபோன அக்கருவியை ஆராய்ந்து நம் காரைதீவு தந்த விபுலாநந்த அடிகள் எழுதிய யாழ்நூல் 1947இல் வெளிவந்தது.

பெயர் பெருகிய அளவுக்கு அதன் ஒலி நிலைக்கவில்லை. வகுப்பில் பாதிப்பேர் 'யாளினி' என்கின்றனர். கோயிற் தூணில் துதிக்கையோடு நிற்கும் யாளியே என் நினைவுக்கு வருகிறது! பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை. நாள் முழுதும் கொழுந்து கொய்யும் தாயின் நாவிலும் அது 'கொளுந்து' தான். மழை 'மளை', வாழைப்பழம் 'வாளப்பளம்'. கடல் கடந்து வந்த நம் முன்னோர் கூடவே கொண்டுவந்த பேச்சு அது.

தொல்காப்பியர் பிறப்பியலில் ரகரத்தையும் ழகரத்தையும் ஒரு சூத்திரத்திலும், லகரத்தையும் ளகரத்தையும் இன்னொன்றிலும் வைத்தார். நுனிநா மேல்நோக்கி எழுந்து அண்ணத்தை வருடினால் ர, ழ. ளகரத்துக்கு நா அண்ணத்தில் ஒட்டும், ழகரத்துக்கு ஒட்டாது. ஆங்கிலத்தில் 'யாழ்' என எழுதும் நம்மவர் சிலர் 'எல்' எழுத்துக்கு முன்னே ஓர் 'ஆர்' இடுவதைப் பலர் பிழை என்பர். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவியின் பெயரைக்கூட அவ்வாறு எழுதுவோர் உண்டு. ரகரத்தின் உறவை அவர்கள் செவி அறிந்திருக்கிறது என்றே நான் கொள்வேன். தமிழகத்தார் அதே ஒலிக்கு 'இசட்', 'எச்' இடுகின்றனர். அறியாதவர் வாயில் அது 'யாசினி' ஆகிவிடுகிறது.

ழகரம் உதிர்வது புதிதன்று. யாழ்ப்பாணம் பேச்சில் யாப்பாணம், சிங்களத்தில் யாபனய, ஆங்கிலத்தில் ஜஃப்னா. ஆனால் ஊருக்கு நேர்ந்தால் வரலாறு. பிள்ளைக்கு நேர்ந்தால் அலைச்சல். சிங்கள நெடுங்கணக்கில் ழகரத்துக்கு எழுத்து இல்லை. என் மாணவி ஒருத்தியின் பெயர் முதலில் சிங்களத்தில் பதியப்பட்டு, பின்னர் தமிழுக்குத் திரும்பியபோது 'யாலினி' ஆயிற்று. பாடசாலைப் பதிவேட்டில் யாழினி, பிறப்புச் சான்றிதழில் யாலினி. சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் அது தெரிந்தது. சத்தியக் கடதாசி முடித்துத் திருத்துவதற்குத் தகப்பன் இரண்டு நாள் அலைந்தார். தோட்டத்தில் ஒரு நாள் வேலையை 'ஒரு பேர்' என்பது வழக்கு. மகளின் ஒரு பேருக்காக அவருக்கு இரண்டு பேர் போயிற்று.

ஆகவே பிறப்பைப் பதியப் போகும்போது பெயரைத் தமிழில் தெளிவாக ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். ஆங்கில எழுத்துகளையும் வீட்டிலேயே தீர்மானித்து அருகில் எழுதுங்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் அந்த இடத்திலேயே எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாத பெற்றோர் பாடசாலைக்குப் போகும் மூத்த பிள்ளையையும் கூட்டிச் செல்லலாம்; ழகரத்தை அது கண்டுபிடித்துவிடும்.